மஞ்சள் எங்கே, ஆண்ட்டி?

"ஆண்ட்டி, படம் சூப்பரா இருக்கு லா. ஆனா... மஞ்சள் எங்க?"

வாட்ஸ்அப்பில் கோகிலாவின் குரல். அப்போதுதான் நிம்மதியாக ஒரு வாய் டீ குடித்திருந்தேன். அந்த நிம்மதி அதோடு சரி.

மஞ்சள் எங்கே என்றால்? கன்னத்தில் மஞ்சள் பூசிய கல்யாணப் பெண்ணின் படம் அது. மஞ்சளைத் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது? கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

காணோம்.

கன்னத்தில் ஏதோ காய்ந்த சந்தனம் மாதிரி வெளிறிய பூச்சு. மஞ்சள் சேலை தயிர் நிறத்தில் இருந்தது. முகம் மட்டும் பளபளவென்று, சோப்பு விளம்பரத்துப் பெண் மாதிரி. இதைத்தான் நான் பெருமையாக அனுப்பி வைத்திருக்கிறேன்!

நான் ஏன் இவ்வளவு பதறினேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோகிலா இங்கே மலாக்காவில், எங்கள் தாமான் குடியிருப்பில் அடுத்த வரிசை வீட்டுப் பெண். அலோர் காஜாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவள் அம்மா சரோஜாக்கா, பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறவர். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. அந்தச் சமையலிலேயே மகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். அவர் போடுகிற வடைக்கு நான் அடிமை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கோகிலாவின் நலங்குக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் தொழில்முறை கேமராக்காரி இல்லை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — என் முழுநேரத் தொழில் கவலைப்படுவது. எழுத்தும் போட்டோவும் பகுதிநேரம்தான்.

வீட்டு வாசலில் கூடாரம். சுற்றிலும் மஞ்சள் துணி. மனையில் கோகிலா. அவளுடைய அப்பாவின் அக்கா, ரெம்பியாவிலிருந்து வந்த அத்தை, தட்டும் கையுமாக முன்னால் நின்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

"சுமங்கலிங்க எல்லாம் வரிசையா வாங்க... நேரமாகுது லா, வாங்க வாங்க!"

சரோஜாக்கா சமையல்கட்டு வாசலில் நின்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நலங்கு வைப்பது சுமங்கலிகள் என்பது வழக்கம், அவராகவே ஒதுங்கிக்கொண்டார். எத்தனை வீட்டுக் கல்யாணத்தில் இப்படி ஒதுங்கியிருப்பார்! ஆனால் இது அவர் பெற்ற பெண்ணின் கல்யாணம் இல்லையா?

திடீரென்று கோகிலா மனையை விட்டு எழுந்தாள்.

"என்னா, எங்க போற? மனைய விட்டு எந்திரிக்கக் கூடாது!" என்று அத்தை கத்தினார்.

அவள் காதில் வாங்கவே இல்லை. நேராகச் சமையல்கட்டு வாசலுக்குப் போனாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மஞ்சள் கிண்ணத்தில் அந்தக் கையை முக்கினாள். பிறகு குனிந்து, தன் கன்னத்தைக் கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தாள்.

கவனியுங்கள், அம்மா பூசவில்லை. மகள்தான் பூசிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்திருந்த போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்து மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் விரல் தானாக அழுத்தியது. ஒரே ஒரு படம். அடுத்ததை எடுப்பதற்குள் சரோஜாக்கா கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படத்தில் கோகிலாவின் முகம், அந்தக் கை, பக்கவாட்டில் சரோஜாக்காவின் முகம், நெற்றியில் திருநீறு. பின்னால் ஓரத்தில், ஃபோகஸில் இல்லாமல், அரக்குச் சேலையில் ரெம்பியா அத்தை. வாய் திறந்தபடி.

"ஆண்ட்டி, இந்தப் படத்த ஆள் ஒசரத்துக்குப் போட்டு டேவான் வாசல்ல வைக்கணும்" என்றாள் கோகிலா. சனிக்கிழமை காலையில் கோயிலில் தாலி, மாலையில் டேவான் மண்டபத்தில் விருந்து. "ஜோடி போட்டோ எல்லாரு கல்யாணத்துலயும்தான் வெக்கிறாங்க. எனக்கு இதுதான் வேணும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அதெல்லாம் கடையில கொடுத்துப் பாரும்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். "நானே பண்ணித் தர்றேன்" என்று சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

போனில் பார்க்கிற படம் வேறு, ஆள் உயரப் படம் வேறு. போனில் எல்லாருமே அழகு. ஆள் உயரத்தில் ஒவ்வொரு புள்ளியும் முன்னால் வந்து 'என்னைப் பார்' என்று நிற்கும். அன்று மாலை வெளிச்சம் குறைவு. நிழல் விழுந்த இடமெல்லாம் ரவை தூவிய மாதிரி இருந்தது. நல்லவேளை, ரா ஃபைலாக எடுத்திருந்தேன். கேமரா தான் பார்த்த வெளிச்சத்தைச் சமைக்காமல், அரிசியும் பருப்புமாக அப்படியே நம் கையில் கொடுத்துவிடும் — அதுதான் ரா. சமைத்துப் படமாக்குவது நம் பொறுப்பு. அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும்.

எந்த சாஃப்ட்வேர்?

இன்டர்நெட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில்கூட இவ்வளவு கருத்து வேறுபாடு இருக்காது. 'அது நிறத்துக்கு நல்லது, இது கூர்மைக்கு நல்லது, அதை வைத்துப் பெரிய படம் போட்டால் கெட்டாய், இதை வைத்துப் போட்டால் நாசமாய்ப் போவாய்'... படிக்கப் படிக்க எனக்கு மூச்சு முட்டியது.

கடைசியில் மூன்றை எடுத்துக்கொண்டேன். மாதாமாதம் சந்தா கேட்கிற ஒன்று. அதற்குச் சந்தாக்காரர் என்று பெயர் வைத்தேன். யாரோ புண்ணியவான்கள் சேர்ந்து இலவசமாகத் தருகிற ஒன்று, அது ஓசிக்காரர். கேமரா வாங்கியபோது கூடவே வந்தது ஒன்று, அது சீதனம்.

சீதனம் திறப்பதற்குள் ஒரு உலை சோறு வடித்துவிடலாம். திறந்து, படத்தைக் காட்டி, சேமிக்கச் சொன்னதும் மயங்கி விழுந்துவிட்டது. ஓசிக்காரரைத் திறந்தால் திரை முழுக்கப் பொத்தான். எதைத் தொட்டால் எது வெடிக்குமோ என்று பயந்து மூடிவிட்டேன். சந்தாக்காரர்தான் மரியாதை தெரிந்தவர். 'ஆட்டோ' என்று ஒரே பட்டன். அழுத்தினேன்.

ரவை போயிற்று. முகம் வழுவழுவென்று வந்தது. கோகிலா நல்ல கறுப்பு அழகி. பட்டனைத் தட்டியதும் இரண்டு படி நிறம் ஏறிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்திருந்தது. 'அடடா, என்ன களை!' என்று உருகிப்போய் உடனே அவளுக்கு அனுப்பிவிட்டேன். நிறம் ஏறியதைப் பார்த்த கண்ணுக்கு மஞ்சள் போனது தெரியவில்லை. வெட்கக்கேடு!

சாஃப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை. படம் முழுக்க மஞ்சள். அது பாவம், யாரோ மஞ்சள் பல்பைப் போட்டுக்கொண்டு படம் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டது. சரி செய்கிறேன் பேர்வழி என்று மஞ்சளைக் கழுவிவிட்டது. நலங்கு என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியுமா?

சரி, திருத்திவிடலாம் என்று உட்காரும்போது வாசலில் சரோஜாக்கா. கையில் வடைப் பொட்டலம். முகத்தில் சிரிப்பில்லை.

"நீ அனுப்புன படத்த கோகிலா காட்டுனா. நல்லாருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"இல்லக்கா, அதுல மஞ்சள் போயிடுச்சு. சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"பண்ணாத."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவ சின்னப் பொண்ணு, புரியாமப் பேசறா. டேவான் வாசல்ல வெச்சா வர்றவங்க அத்தனை பேரும் பார்ப்பாங்க. மஞ்சள் தெரிஞ்சா, வெச்சது யாருன்னும் தெரியும். நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என் கைதான்னு சொல்லுவாங்க. சொல்றவங்கள விடு... எனக்கே அப்படித் தோணிடுச்சின்னா? நான் எப்படித் தூங்குவேன், சொல்லு?"

மூடநம்பிக்கையைக் கிழித்து இந்த இடத்தில் எத்தனையோ பத்தி எழுதியவள்தான் நான். ஆனால் அவர் அப்படிக் கேட்டதும் எனக்குள்ளும் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் படத்தைப் போட்டு, அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? எழுதுவது சுலபம். அடுத்த வீட்டுப் பெண் விஷயத்தில் துணிவது அவ்வளவு சுலபமா?

அவர் போனதும் கோகிலாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா வந்தாங்களா? தெரியும் லா" என்றாள். "ஆண்ட்டி, மஞ்சள் இல்லாட்டி அது சும்மா கன்னத்தத் தொடுற படம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. என் கல்யாணத்துக்கு எங்கம்மா முதல்ல மஞ்சள் வெச்சாங்க. அது தெரியணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

எங்கள் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். அவர் வடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு சரோஜாக்கா கட்சிதான். வடை வருது."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு தனிப் பத்தி.

எப்படியானாலும், சரியான நிறத்தில் ஒரு படமாவது கையில் இருக்கட்டும் என்று ஓசிக்காரரைத் திறந்தேன். அதில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு கருவி உண்டு. படத்தில் வெள்ளை அல்லது சாம்பல் என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு இடத்தில் அதை வைத்தால், அதை அளவாக வைத்துக்கொண்டு மற்ற நிறங்களையெல்லாம் நேர் செய்துவிடும். ஆனால் இந்தப் படத்தில் வெள்ளைக்கு எங்கே போவது? சேலை மஞ்சள். துணி மஞ்சள். பெண்ணே மஞ்சள். அங்குலம் அங்குலமாகத் தேடி, கடைசியில் சரோஜாக்காவின் நெற்றியில் போய் நின்றேன்.

திருநீறு.

குழாயை அதன்மேல் வைத்து அழுத்தினேன். மஞ்சள் மொத்தமும் திரும்பி வந்தது. கன்னத்தில், கழுத்தோரத்தில், அந்தக் கையின் விரல் இடுக்கில்... கோகிலாவும் அவளுடைய சொந்த நிறத்துக்கு வந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொட்டில்லாத அந்த நெற்றியைக் காட்டித்தானே அவரைத் தள்ளி நிற்க வைத்தோம்?

ரவைப் புள்ளிகளை என்ன செய்வது என்பது பாக்கி. அதிகமாகத் துடைத்தால் தோல் மெழுகாகிவிடும். துடைக்காமல் விட்டால் சொறி மாதிரி தெரியும். பெரிய படம் போடுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படத்தில் முக்கியமான ஒரு துண்டை மட்டும் வெட்டி, பெரிய படத்தில் வரப்போகிற அதே அளவில் அச்சடித்துக் கையில் வைத்துப் பார்ப்பது. நான் அந்தக் கையைத் தேர்ந்தெடுத்தேன். சந்தாக்காரர் வழுவழுப்பாக்கிய கை ஒரு துண்டு. ஓசிக்காரரில் நான் முட்டி மோதிச் சமைத்த கை ஒரு துண்டு. மலாக்கா டவுனில் இருக்கிற அச்சுக்கடையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக சரோஜாக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கை அவருடையது. பயமும் அவருடையது. நான் யார் நடுவில்?

அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முதலில் வழுவழுத் துண்டை நீட்டினேன். நிஜக் கை அளவுக்கே இருந்தது. அவருக்குப் பிடித்த படத்தின் துண்டுதானே? முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இது யாரு கை?"

"உங்க கைதான்கா."

"எங்கைல தழும்பு இருக்கே. கேன்டீன்ல எண்ணெய் கொட்டுன தழும்பு. கோகிலா ஸ்டாண்டர்ட் ஒன் போன வருஷம். எங்க அது?"

சாஃப்ட்வேர் துடைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? பேசாமல் இரண்டாவது துண்டைக் கொடுத்தேன். அதில் தழும்பு இருந்தது. வெட்டுக்காயக் கோடுகள் இருந்தன. ரேகைக்குள் எல்லாம் மஞ்சள் இறங்கியிருந்தது. அவர் தன் கையை அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்கு அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிடுமோ என்று வேறு கவலை.

"இதுதான் எங்கை" என்றார் மெதுவாக.

"ஆமாக்கா."

"மஞ்சள் எடுத்துட்டா தழும்பும் போயிடுமா?"

இல்லை, இரண்டும் வேறு வேறு பட்டன், ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்பதுதான் உண்மை. அந்த உண்மையை மறைக்க என் வாய் துடித்தது. ஆனாலும் சொன்னேன்.

"இல்லக்கா. உங்க கை அப்படியே இருக்கும். மஞ்சள மட்டும் எடுத்துக் குடுக்க முடியும். நீங்க சொல்றதுதான்."

வெங்காயத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார்.

"இந்தக் கைதானே அவளக் குளிப்பாட்டுச்சு, சோறு ஊட்டுச்சு... அப்பல்லாம் ஒண்ணும் ஆகலியே" என்றார். மூக்கை உறிஞ்சினார். வெங்காயமாக இருக்கலாம். "இதையே போடு. என்னா ஆகுதோ ஆகட்டும்."

அதோடு என் கவலை தீர்ந்தது என்கிறீர்களா? அச்சுக்கடை முதலாளி ஒரு சீனப் பெரியவர், தங்கமான மனுஷர். என் ஃபைலைத் திரையில் பெரிதாகத் திறந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"கக்கா, முக்கா கூனிங் லா. சயா பெத்துல்கான், ஃப்ரீ!" மலாயில் என்னை அக்கா என்று கூப்பிட்டார்; முகம் மஞ்சளாக இருக்கிறதாம், சும்மாவே சரி செய்து தருகிறாராம். விரல் ஏற்கனவே மௌஸில் இருந்தது.

"ஜாங்ஙான்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜையில் பேனர் வாங்க வந்தவர் எழுந்து நின்றுவிட்டார். வேண்டாம் ஐயா, தொடாதீர்கள், அது எங்கள் ஆதாட், எங்கள் வழக்கம் என்று கும்பிடாத குறையாகச் சொல்லிப் புரிய வைத்தேன். அச்சு முடிகிறவரை அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றேன்.

வரும் வழியில் மழை. படம் காடியின் பின் சீட்டில் முழுசாக அடங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் தலைமேல் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டு ஓட்டினார். "வடைக்காகத் தாங்கறேன்" என்றார்.

சனிக்கிழமை வந்தது. காலையில் கோயிலில் தாலி ஏறியபோதுகூட சரோஜாக்கா தூண் ஓரமாகத்தான் நின்றார். மாலையில் டேவான் வாசலில் படத்தை நிறுத்தினோம். அதன் பக்கத்திலேயே சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்த வரவேற்பு மேஜை. மேஜைக்குப் பின்னால் யார்? ரெம்பியா அத்தை.

அத்தை படத்தைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி வந்து பார்த்தார். மேஜைக்குத் திரும்பிப் போய்ச் சந்தனத்தைக் குழைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சரோஜாக்காவோ உள்ளே சாப்பாட்டு மேஜைப் பக்கம் ஒளிந்துகொண்டு, சூப் சூடாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லூபோக் சீனாவிலிருந்து ஒரு பஸ் நிறைய மாப்பிள்ளை வீட்டார். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் படத்தின் முன்னால் நின்றார்கள்.

"பொண்ணோட அம்மாவா இது? எங்க அவங்க?"

"உள்ள இருக்காங்க" என்றார் அத்தை.

அடுத்தவர். "அம்மா கையா? எங்க அம்மாவக் காணோம்?"

"உள்ள இருக்காங்க."

அடுத்தவர். அதற்கடுத்தவர். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து அதையே கேட்டபோது அத்தை சந்தனக் கிண்ணத்தை டொக்கென்று மேஜைமேல் வைத்தார். திரும்பி, டேவானே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"சரோஜா! ஏ சரோஜா! வா இங்க!"

போச்சு என்று நினைத்தேன். சரோஜாக்கா சூப் கரண்டியோடு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"வர்றவங்க எல்லாம் 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு என் உசுர வாங்குறாங்க. எத்தன பேருக்குதான் நான் பதில் சொல்றது? போட்டோல வந்து ஆள் ஒசரத்துக்கு நிக்கத் தெரியுது, நேர்ல வந்து நிக்க மாட்டியா? கரண்டிய அங்க வை. இந்தச் செம்பப் புடி."

"அண்ணி, நான் எப்படி..."

"புடின்னா புடி லா!"

சரோஜாக்கா பன்னீர்ச் செம்பைப் பிடித்தார். முதலில் தெளித்தது மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடி மேலேயே விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே துடைத்தார். கூட்டம் முடிகிறவரை சரோஜாக்கா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மேடையிலிருந்து கோகிலா மாப்பிள்ளையைப் பார்த்த நேரத்தைவிட வாசலைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே அந்தப் படத்த எடுத்தது?"

"ஆமாங்கக்கா."

"பின்னால அரக்குச் சேல... அது நான்தானே?"

"ஆ... ஆமாங்கக்கா."

"அவங்க ரெண்டு பேரையும் பளிச்சுன்னு போட்டுட்டு என்னை மட்டும் ஏன் மங்கலா வெச்சிருக்க? ஊரே பாக்குது. கம்ப்யூட்டர்ல போட்டு என்னையும் கொஞ்சம் தெளிவாக்கக் கூடாதா?"

கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், சரோஜாக்கா கையில் காலியாகியிருந்த செம்பை வாங்கிக்கொண்டு பன்னீர் நிரப்பப் போய்விட்டார்.

ஃபோகஸில் இல்லாத அத்தையைத் தெளிவாக்குகிற சாஃப்ட்வேர் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள் — ரெம்பியாவிலிருந்து தினமும் போன் வருகிறது.